உள்ளே யாராவது இருக்கீங்களா? – கேள்வி பதில்

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: இடிந்த கட்டடத்துக்குள்ளிருந்து ஆளை எடுப்பது எப்படி, எடுப்பவர் யார்? சினிமா, அரசியல் கேள்விகள் ஒரு வாரம் வரிசையில் நிற்கட்டும்.

கல்லூரி மாணவர், நாமக்கல்: தீயை அணைக்கிறவருக்கு நிலநடுக்கத்தில் என்ன வேலை?

தீப்பிடித்த கட்டடம் இடியும். இடிந்த கட்டடம் தீப்பிடிக்கும். இரண்டுக்கும் ஓடப்போவது ஒரே ஆள்தானே தம்பி!

அமெரிக்காவில் இதை வைத்து ஓர் ஏற்பாடே இருக்கிறது. நாடு முழுக்க 28 நகர்ப்புறத் தேடல் மீட்பு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஓர் உள்ளூர் அமைப்பு தாய்வீடு. பெரும்பாலும் அந்த ஊர்த் தீயணைப்புத் துறை. வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்ஃபாக்ஸ் கவுண்ட்டியின் தீயணைப்புத் துறை நடத்துவது ‘வர்ஜீனியா டாஸ்க் ஃபோர்ஸ் 1’. மயாமி-டேட், லாஸ் ஏஞ்சலஸ், ஃபீனிக்ஸ், சான் டியேகோ என்று பட்டியல் நீளும். திங்கட்கிழமை பக்கத்துத் தெரு அடுப்படித் தீயை அணைத்தவர், வியாழக்கிழமை வேறொரு கண்டத்தில் கான்கிரீட்டைக் குடைந்துகொண்டிருப்பார்.

வரலாற்று ஆசிரியை, தென்காசி: இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது?

பூமிதான் கொடுத்தது அம்மா. 1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரம் குலுங்கி, அடுக்குமாடிகள் மாடிமேல் மாடியாக உட்கார்ந்துவிட்டன. 1986இல் ஃபேர்ஃபாக்ஸ் அணி பிறந்தது. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நிலநடுக்கம். பனிப்போர் முடியாத காலம். ஆர்மீனியா அன்று சோவியத் மண். ஃபேர்ஃபாக்ஸிலிருந்தும் மயாமியிலிருந்தும் தீயணைப்பு வீரர்கள் அங்கே போய் இறங்கினார்கள். ஏவுகணைகளைக் குறிபார்த்து வைத்திருந்த இரண்டு நாடுகள் ஒரு இடிபாட்டின் ஒரே பக்கத்தில் நின்றன.

அடுத்த வருடமே, 1989இல், பேரிடர்களைக் கவனிக்கும் ஃபீமா அமைப்பு தேசிய ஏற்பாட்டைத் தொடங்கியது.

கணக்காளர், ஈரோடு: ஒரு முழு அணிக்கு 70 பேராமே! கூட்டம் அதிகமில்லையா?

இடிபாட்டுக்கு ராத்திரி லீவு கிடையாது. ஒரு பாதி தோண்டும்போது மறுபாதி தூங்கும். அதுபோக, 70 பேரும் கடப்பாரை பிடிப்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தேடுபவர், உடைப்பவர், மருத்துவர், கட்டடப் பொறியாளர், கிரேன் வேலை தெரிந்தவர், ரசாயனக் கசிவை அளப்பவர், வயர்லெஸ்காரர், நாயோடு வருபவர். டாக்டரும் இன்ஜினியரும் மற்ற நாளில் ஊரில் தங்கள் பிழைப்பைப் பார்ப்பவர்கள்.

உங்கள் தொழில்காரருக்கும் இடமுண்டு. அணியின் சாமான்கள் 16,000 உருப்படிக்கு மேல். எந்தப் பெட்டியில் எந்த ரம்பம் இருக்கிறது என்று தெரியாத கிடங்குக்காரர், கீழே கிடப்பவரின் நேரத்தைத் தின்கிறார்.

மளிகைக் கடைக்காரர், பழநி: கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் கிளம்புவார்கள்? சாப்பாட்டுக்கு?

உத்தரவு வந்து 6 மணி நேரத்துக்குள் புறப்படத் தயாராக இருக்க வேண்டும். போன இடத்தில் முதல் 72 மணி நேரம் யாரிடமும் ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கேட்கக் கூடாது. சாப்பாடு, குடிநீர், கூடாரம், ஜெனரேட்டர் எல்லாம் கையோடு. இடிந்த ஊரில் அரிசிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் போய் நிற்கிறவன் உதவிக்கு வந்தவனே இல்லை.

தச்சுத் தொழிலாளி, கும்பகோணம்: இவ்வளவு நவீன அணியில் எங்கள் ஆட்களுக்கு வேலை உண்டா?

உண்டாவது! உள்ளே நுழைவதற்கு முன் சாய்ந்த சுவருக்கும் தொங்கும் கூரைக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் எதனால்? மரத்தால். அளந்து, அறுத்து, ஆப்பு அடித்து நிறுத்துகிற வேலை; அணியின் மீட்பர்களுக்கு இதில் பயிற்சி உண்டு.

இரும்பு இருக்க மரம் ஏன்? பாரம் தாங்காத மரம் முதலில் முனகும். நார் பிரியும் சத்தம் கேட்கும், வெளியே ஓட சில நொடி கிடைக்கும். ஒரு மீட்பருக்கு அந்தச் சில நொடிதான் ஆயுள் காப்பீடு.

சினிமா ரசிகர், மதுரை: படத்தில் ஹீரோ ஒரே ஆளாக ஸ்லாபைத் தூக்கிவிடுகிறாரே?

ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ. ஹீரோவுக்கு டைரக்டர் துணை. மீட்பருக்குக் காற்றுப்பை துணை: தட்டையான ரப்பர் பையைச் சந்தில் செருகிக் காற்றடித்தால் ஸ்லாப் மெல்ல எழும். ஒரு அங்குலம் எழுந்தால் உடனே ஒரு அங்குலத்துக்குக் கட்டை அடுக்கு. மறுபடி ஒரு அங்குலம். பை வெடித்தாலும் ஸ்லாப் கட்டைமேல்தான் உட்காரும், கீழே கிடப்பவர்மேல் உட்காராது. விசில் அடிக்கத் தோன்றாத காட்சி. ஆனால் பிழைப்பார்.

டிராஃபிக் கான்ஸ்டபிள், சேலம்: மீட்பு இடத்திலும் விசில் ஊதுகிறார்களே, எதற்கு?

மூன்று குட்டை ஊதல் திரும்பத் திரும்ப வந்தால்: ஓடு, எல்லாரும் வெளியே. ஒரு நீள ஊதல்: கை நிறுத்து, மூச்சுச் சத்தம்கூட வேண்டாம். ஒரு நீளம், ஒரு குட்டை: வேலையைத் தொடரு.

நடு விசில்தான் முக்கியம் ஐயா. ஜெனரேட்டரை அணைப்பார்கள், ரம்பம் நிற்கும், கிரேன் நிற்கும். அதிர்வைக் கேட்கும் கருவிகளை இடிபாட்டைச் சுற்றிப் பதித்து, ஹெட்போன் மாட்டியவர் கண்ணை மூடிக்கொள்வார். ஒருவர் குரல் கொடுப்பார்: “மீட்புப் படை வந்திருக்கிறது. கேட்டால் ஐந்து முறை தட்டுங்கள்.” இடிபாடு தானாக நூறு சத்தம் போடும், குழாய் சொட்டும், கம்பி முறுகும். எண்ணி ஐந்து தட்டு வந்தால் அது மனிதக் கை.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோவில்பட்டி: நாய்க்கு எப்படித் தெரியும், உள்ளே ஆள் இருக்கிறார் என்று?

மூக்கால்தான் கண்ணு. உயிருள்ள மனிதனின் வாசனை சந்து வழியாக மேலே வரும். அந்த வாசனை எங்கே கெட்டியாக வருகிறதோ அங்கே நாய் நின்று விடாமல் குரைக்கும். உடனே தோண்ட மாட்டார்கள். முதல் நாய் குரைத்ததை அறியாத இரண்டாவது நாயை அனுப்புவார்கள். அதுவும் அதே இடத்தில் குரைத்தால்தான் கடப்பாரை. கோர்ட்டில்கூட இவ்வளவு கறாராய்ச் சாட்சி கேட்பதில்லை!

இன்னொன்று. இடிபாட்டில் வேலை செய்யும்போது நாய்க்குக் கழுத்துப்பட்டை கிடையாது. நீட்டிய கம்பியில் மாட்டினால் உயிர் போகும். காலுக்கு ஷூவும் கிடையாது. விரலை விரித்துப் பிடித்தால்தான் சரிவில் வழுக்காது.

நாய் வளர்ப்பவர், கொடைக்கானல்: உயர்சாதி நாயாக இருந்தால்தான் சேர்ப்பார்களா?

சாதி கேட்பது மனிதன் புத்தி. வில்மா மெல்வில் என்ற ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை, தன் லாப்ரடார் மர்ஃபியோடு 1995இல் ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பு இடிபாட்டுக்குப் போனார். 168 பேர் இறந்த இடம். தேறிய நாய்கள் நாட்டில் எவ்வளவு குறைவு என்று அங்கே கண்டார். 1996இல் கலிஃபோர்னியாவில் தேடல் நாய் அறக்கட்டளை தொடங்கினார்.

அங்கே பல நாய்கள் காப்பகத்திலிருந்து வருபவை. ஓரிடத்தில் நிற்காது, பந்தைக் கொடுத்தால் விடாது, வீட்டுக்காரர் “இதை வைத்து மாளாது” என்று கொண்டுவந்து விட்ட ரகம். அந்த அடங்காத ரகம்தான் வேண்டும். பயிற்சி கொடுத்துத் தீயணைப்பு வீரரோடு ஜோடி சேர்க்கிறார்கள். சம்பளம், கடித்து இழுத்து விளையாட ஒரு பொம்மை.

அதே வாசகர்: நாய்க்கு மனச்சோர்வு வருமா?

வரும். 2001இல் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது வந்தது. உயிரோடு இருப்பவரைத் தேடப் பழகிய நாய்கள், நாள் கணக்கில் தேடியும் யாரும் கிடைக்காமல் சோர்ந்தன. வீரர்கள் தாங்களே போய் ஒளிந்துகொண்டு நாயைக் கண்டுபிடிக்க விட்டார்கள். அந்தச் சோகத்துக்கு நடுவே நாயின் மனசை நினைத்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இயற்பியல் பட்டதாரி, நாகர்கோவில்: நாசாவுக்கும் இடிபாட்டுக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. ‘ஃபைண்டர்’ என்று ஒரு ராடார். நாசாவின் ஜெட் உந்து ஆய்வகம் செய்தது, சூட்கேஸ் அளவு. நுண்ணலையை இடிபாட்டுக்குள் அனுப்பும். இதயம் துடிக்கும்போது உடல் அசையும் மிகச் சிறு அசைவு திரும்பிவரும் அலையில் தெரியும். எலியின் துடிப்பையும் மனிதத் துடிப்பையும் பிரித்துச் சொல்லும்.

2015 நேபாள நிலநடுக்கத்தில், சவுதாரா ஊரில் செங்கல்லுக்கும் சேற்றுக்கும் அடியில் கிடந்த 4 ஆண்களை மீட்க இது கைகொடுத்தது. விண்வெளி ஆராய்ச்சியால் ஏழைக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு, நான்கு பேர் லாபம்.

நர்ஸ், வேலூர்: சிக்கியவரை உடனே இழுத்து வெளியே போடக் கூடாது என்கிறார்களே, ஏன்?

உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தூண் ஒன்று காலை மணிக்கணக்கில் நசுக்கியிருக்கிறது. நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியமும் நச்சுக்களும் அங்கேயே தேங்கும். தூணைத் தூக்கியதும் எல்லாம் ஒரே பாய்ச்சலாக ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். பேசிக்கொண்டே இருந்தவர், “காப்பாற்றிவிட்டோம்” என்று கைதட்டும்போது போய்விடுவார்.

1941இல், லண்டன்மேல் ஜெர்மனி குண்டு போட்ட காலத்தில், பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரமாக எழுதினார்கள். இன்று அணியின் டாக்டர் பொந்துக்குள் தவழ்ந்துபோய், பாரத்தைத் தூக்குவதற்கு முன்பே சலைன் ஏற்றுகிறார். முதலில் ஊசி, பிறகு ஜாக்கி.

ஓய்வுபெற்ற தபால்காரர், மன்னார்குடி: இடிபாட்டில் எத்தனை நாள் வரை உயிரோடு இருக்க முடியும்?

முதல் நாள்தான் பொன். பிறகு ஒவ்வொரு மணிக்கும் வாய்ப்பு சரியும். ஆனாலும் சில உயிர்கள் கெட்டி. 1995இல் சோல் நகரில் சம்பூங் அங்காடி இடிந்து 502 பேர் இறந்தார்கள். கடைசியாக ஓர் இளம்பெண் உயிரோடு வந்தது 16 நாள் கழித்து. 2013இல் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்தது ஏப்ரல் 24. ஒரு பெண்ணை உயிரோடு எடுத்தது மே 10. நேபாளத்தில் 5 நாள் கழித்து 15 வயதுப் பையனை நேபாள வீரர்கள் வெளியே கொண்டுவந்தபோது அமெரிக்க அணியும் கூடவே நின்றது.

“இனி யாரும் இருக்க மாட்டார்கள்” என்று சீக்கிரம் சொல்கிறவரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.

டீக்கடை உரிமையாளர், திண்டுக்கல்: அப்படியானால் நிறையப் பேரைக் காப்பாற்றுவது இந்த வெளிநாட்டு அணிகள்தானா?

இல்லை அண்ணே. நிறையப் பேரைக் காப்பாற்றுவது பக்கத்து வீட்டுக்காரர்தான். 2010இல் ஹைட்டியில் உலகத்து அணிகள் அத்தனையும் சேர்ந்து எடுத்தது 130 சொச்சம் பேரை. வெறுங்கையாலும் மண்வெட்டியாலும் ஊர்க்காரர்கள் எடுத்தவர்களுக்கு யாரும் பதிவேடு போடவில்லை. அது ஆயிரக்கணக்கு.

பிறகு இந்த அணி எதற்கு? பக்கத்து வீட்டுக்காரரின் கை எட்டாத இடத்துக்கு. மூன்று ஸ்லாபுக்கு அடியில் கிடப்பவருக்கு.

லாரி ஓட்டுநர், சங்ககிரி: வெள்ளம் வந்தால் இவர்கள் சும்மா இருப்பார்களா?

2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது 28 அணிகளும் போயின. 6,500க்கு மேற்பட்டோரை மீட்டன. கான்கிரீட் வெட்டப் பழகியவர்கள் படகில் போய்க் கூரைமேல் இருந்தவர்களை இறக்கினார்கள்.

ஓவிய ஆசிரியர், காரைக்குடி: நியூ ஆர்லியன்ஸ் வீட்டுச் சுவர்களில் பெரிய பெருக்கல் குறி போட்ட படம் பார்த்தேன். என்ன அது?

நான்கு அறை கொண்ட அறிக்கை. வீட்டுக்குள் நுழையும்போது ஒரு சாய்கோடு: உள்ளே ஆள் தேடுகிறார்கள். வெளியே வந்ததும் அதைக் குறுக்கே வெட்டி மறுகோடு: தேடி முடித்தாயிற்று. இடப்பக்கம் அணியின் பெயர். மேலே தேதியும் நேரமும். வலப்பக்கம் ஆபத்து ஏதாவது: கேஸ் கசிவு, எலி, பாம்பு. கீழே எத்தனை பேர் உயிரோடு, எத்தனை பேர் உயிரின்றி.

அடுத்து வரும் அணி அதே வீட்டில் ஒரு மணி நேரம் வீணாக்காமல் இருக்க ஸ்ப்ரே பெயின்ட் போதும். வெள்ளம் வடிந்து வருடங்கள் போன பிறகும் சிலர் அந்தக் குறியை அழிக்க விடவில்லை. கீழ் அறையில் இருந்த எண் அவர்கள் வீட்டு ஆள்.

வங்கி ஊழியர், சென்னை: இரட்டைக் கோபுரத் தாக்குதலில் இந்த அணிகள் என்ன செய்தன?

28 அணிகளில் பெரும்பாலானவை நியூயார்க்குக்கும் பென்டகனுக்குமாகப் போயின. நியூயார்க் தீயணைப்புத் துறையில் அன்று ஒரே நாளில் 343 பேர் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் சிறப்புப் பிரிவுத் தலைவர் ரே டவுனி. இடிந்த கட்டடத்தில் எப்படி வேலை செய்வது என்று நாட்டுக்கே பாடம் சொன்னவர், ஓக்லஹோமாவிலும் நின்றவர். கோபுரம் விழுந்தபோது அதனடியில் இருந்தார். இடிபாட்டிலிருந்து கடைசியாக ஒரு பெண் உயிரோடு வந்தது 27 மணி நேரம் கழித்து.

அத்தோடு முடியவில்லை. அங்கே சுவாசித்த தூசி பிறகு நுரையீரலிலும் புற்றுநோயிலும் கணக்குத் தீர்த்தது. நோயால் இறந்த நியூயார்க் வீரர்களின் எண்ணிக்கை 2023 செப்டம்பரில் 343ஐத் தொட்டது; பிறகு தாண்டிவிட்டது. மீட்பருக்கு மாலை போடுவது இருக்கட்டும், முதல் நாளே நல்ல முகக்கவசம் போட வேண்டும்.

இல்லத்தரசி, கோவை: ஒருவரையும் உயிரோடு எடுக்க முடியாத இடமும் உண்டா?

கிட்டத்தட்ட அப்படி ஓர் இடம் உண்டம்மா. 2021 ஜூன் 24 விடிகாலை, மயாமி பக்கம் சர்ஃப்சைடில் 12 மாடிக் குடியிருப்பின் பெரும்பகுதி சில நொடியில் இறங்கிவிட்டது. 98 பேர் இறந்தார்கள். முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு ஒருவரும் கிடைக்கவில்லை. மயாமி-டேட் தீயணைப்பு வீரர்கள் தங்கள் சொந்த ஊரில் தோண்டினார்கள்.

இஸ்ரேலிலிருந்து வந்த அணி ஒரு காரியம் செய்தது. குடும்பத்தாரை உட்கார வைத்து, எந்த அறையில் யார் படுப்பார், கட்டில் எந்தச் சுவரோரம் என்று கேட்டுக் கேட்டு முப்பரிமாண வரைபடம் வரைந்தது. தோண்டுபவர்கள் அதைப் பார்த்து இடம் பிடித்தார்கள். எல்லாரையும் அடையாளம் கண்டு வீட்டாரிடம் கொடுக்கும்வரை வேலை ஓயவில்லை. உயிர் கிடைக்காத இடத்திலும் ஒரு குடும்பத்துக்குச் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது.

பாலிடெக்னிக் மாணவர், அரியலூர்: இவர்கள் பழகுவதற்கு எந்தக் கட்டடத்தை இடிப்பார்கள்?

டெக்சாஸில் ‘டிசாஸ்டர் சிட்டி’ என்று 52 ஏக்கரில் ஒரு நகரமே கட்டி வைத்திருக்கிறார்கள். இடிந்த அலுவலகம், இடிந்த கடைவீதி, தடம் புரண்ட ரயில், மலைபோல் குவித்த கான்கிரீட். யாரும் குடியிருக்கவில்லை, ஆனால் தினமும் யாராவது ‘சிக்கிக்கொள்கிறார்கள்’. அந்த மாநில அணிக்குத் தாய்வீடு தீயணைப்புத் துறை இல்லை, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் குழுமம். படிப்பு இப்படியும் உதவும் தம்பி!

வருமானவரி ஆலோசகர், திருப்பூர்: செலவு யார் தலையில்?

உள்நாட்டுப் பணிக்கு ஃபீமா பணம் தருகிறது. சாமானும் பயிற்சியும் அதில் அடக்கம். ஆள், நிலையம், அன்றாட நிர்வாகம் ஊர்த் தீயணைப்புத் துறையுடையது. வெளிநாடு போகும் ஃபேர்ஃபாக்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் கவுண்ட்டி அணிகளின் செலவை அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் ஏற்றுவந்தது. 2023 பிப்ரவரியில் துருக்கிக்கு இரண்டும் போயின. 12 நாய்கள் உட்பட.

2025இல் யுஎஸ்எய்டையே கலைத்தார்கள். அந்த மார்ச் 28இல் மியான்மரில் நிலநடுக்கம். இந்தியா போனது, சீனா போனது. அந்த இரண்டு அணிகளும் போகவில்லை. இது தப்பு என்பதே என் தீர்ப்பு. பழகிய கையைக் கட்டிப்போடுவதில் எந்த நாட்டுக்கும் மிச்சம் பிடிக்க எதுவுமில்லை.

ஒப்பந்ததாரர், அரக்கோணம்: நம்மிடம் இப்படி அணி இல்லையா?

உங்கள் ஊரிலேயே இருக்கிறது! தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில்தான். 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது 27 பேரை உயிரோடு எடுத்த வேலையில் அவர்கள் முன்னால் நின்றார்கள். 2023இல் இந்தப் படையின் நாய்கள் ரோமியோவும் ஜூலியும் துருக்கியில் ஒரு 6 வயதுச் சிறுமி இருந்த இடத்தைக் காட்டின.

வித்தியாசம் ஒன்று. இங்கே மத்தியக் காவல் படைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அங்கே தெருமுனைத் தீயணைப்பு நிலையத்திலிருந்து. நமக்கும் இரண்டாவது வேண்டும். அரக்கோணத்து வண்டி வரும்வரை முதல் மணி நேரத்தில் நிற்கப்போவது நம்மூர்த் தீயணைப்பு நிலையத்து ஆள்தான். அவர் கையில் கேட்கும் கருவியும் காற்றுப்பையும் இருந்தால் எத்தனை உயிர் மிஞ்சும் என்று துறை மேலிடம் கணக்குப் போட வேண்டும்.

பெயர் வேண்டாம் என்ற வாசகர், கடலூர்: நானே சிக்கிக்கொண்டால்?

கத்தாதீர்கள். தூசி உள்ளே போகும், தெம்பு தீரும். துணியால் வாயை மூடிக்கொண்டு குழாயிலோ சுவரிலோ தட்டுங்கள். தீக்குச்சி உரசவே கூடாது.

அடுக்ககக் குடியிருப்போர் சங்கச் செயலாளர், தாம்பரம்: பக்கத்துக் கட்டடம் இடிந்தால் எங்களால் ஆவது என்ன?

101 அல்லது 112ஐ அழையுங்கள். வண்டி வரும் பாதையை மறித்து நிற்கும் கார்களை எடுக்கச் சொல்லுங்கள். இடிபாட்டின்மேல் கூட்டமாக ஏறாதீர்கள். உங்கள் எடையும் கீழே இருப்பவர்மேல்தான் விழும். வீரர்கள் அமைதி கேட்டால் செல்போனைக்கூட அணைத்துவிடுங்கள்.

பிறகு, முதல் அதிகாரி இறங்கியதும் கேட்கும் கேள்விக்குப் பதில் வைத்திருங்கள்: உள்ளே எத்தனை பேர், எந்த அறையில்? உங்கள் மாடியில் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர், எந்த வீட்டில் கைக்குழந்தை என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டு எழுதி, ஒரு நகலை வாட்ச்மேனிடமும் இன்னொன்றைக் கட்டடத்துக்கு வெளியே குடியிருக்கும் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.